வலது கை ரத்தம்

தும்மினால் தெருவே ஒதுங்கிய நாட்கள் அந்தச் சந்தில் இருந்தன. வந்த இருமலை விழுங்கிவிட்டுக் கண்ணில் தண்ணீர் நிற்க, "ஒண்ணுமில்ல, மிளகாய்க் காரம்" என்று சொன்னவர்கள் உண்டு. குளிர்கிடங்கைத் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம் எல்லாம் தலைகீழாகப் போனது.

கிடங்கு மேஸ்திரி கேட்டுக்கு வெளியே ஒரு டிரம்மின் மேல் ஏறி நின்று சொன்னார்: "ஏற்கனவே விழுந்து எழுந்தவன்தான் எனக்கு வேணும். புதுசா விழுறவன் வேண்டாம். போன தடவை ஆள் ஆளா கூடாரத்துக்குத் தூக்கினேன். முதலாளி என் தலையை உருட்டிட்டார். இந்தத் தடவை வந்து போனதுக்கு அத்தாட்சி காட்டினாத்தான் கேட் திறக்கும்."

அன்றிலிருந்து வியாதி வந்தவனுக்குச் சந்தில் மரியாதை. ஒளித்து வைத்தவனெல்லாம் வெளியே எடுத்தான்.

"எனக்கும் வந்துச்சுப்பா. அப்ப வெளிய சொல்லிக்கல" என்றார் பக்கத்து வீட்டு பெயின்டர்.

"உனக்கு வந்தது வேற. அது உன் மாமியார்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். பெயின்டர் சிரிக்கவில்லை. அவருக்கு ஊரடைப்பு தொடங்கிய நாளிலிருந்து பிரஷ்ஷை நனைக்க ஒரு சுவர் கிடைக்கவில்லை.

ஒட்டகத்துக்கு அத்தாட்சி எதுவும் தேவைப்படவில்லை. கிடங்கிலேயே மயங்கி விழுந்து, மேஸ்திரியே அவனை வண்டியில் போட்டு அனுப்பியிருந்தார். தெருமுனைக் காய்ச்சல் கூடாரத்தில் மூக்கில் குழாயோடு கிடந்து பிழைத்து வந்தவன். பல வருடம் பெட்டி சுமந்து பிடரிக்குக் கீழே சதை திரண்டு மேடாகிவிட்டதால் வந்த பெயர் அது. பெண்டாட்டி கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லுவாள்.

அவன் கவலையெல்லாம் பெண்டாட்டியின் தம்பியைப் பற்றி. நீளக் கால், குச்சிக் கழுத்து. கொக்கு என்று கூப்பிட்டார்கள். குழந்தையில் நெஞ்சுச் சளி முற்றிச் சாகக் கிடந்தவன். இப்போதும் வேகமாக மாடி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். ஒட்டகம் நோயோடு கிடந்தபோது அவள் தம்பியை அறைக்குள்ளேயே விடவில்லை. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் மேல்திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, அவனுக்குப் பாய் போட்டுத் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தாள். அவனுக்கு ஒரு நாள்கூட உடம்பு சுடவில்லை. இப்போது அதுவே அவனுக்கு வினையாகிவிட்டது.

"மாமா, எல்லாரும் உள்ள போறாங்க. நான் மட்டும் தொட்டிக்குக் கீழ உக்காந்து காக்காய் எண்ணிட்டிருக்கணுமா?" என்றான்.

"கொக்குக்குக் காக்காய்தானடா துணை."

"நீ சிரி. எனக்கு வந்து தொலைச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

"வாயைக் கழுவு" என்றாள் அக்கா.

அதே வாரத்தில் சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். எல்லா வீட்டுக்கும் போகவில்லை. சில கதவுகளைத் தாண்டித் தாண்டிச் சாக்பீஸால் குறி போட்டார்கள். குறி விழுந்த வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, துணிப்பையிலிருந்து எண் போட்ட ஒரு வில்லையை எடுக்கச் சொன்னார்கள். வில்லையில் எவன் எண்ணோ அவன் கையில் ஒரு சீட்டு. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைமையாக வந்த நர்ஸம்மா தொண்டை கட்டிப்போன குரலில் ஒவ்வொரு வாசலிலும் ஒன்றையே சொன்னாள்: "இப்ப நோய் இருக்கான்னு பார்க்க வரல. வந்து போயிருக்கான்னு பார்க்க வந்திருக்கோம். நோயோட சண்டை போட்ட உடம்புல ஆன்டிபாடின்னு ஒண்ணு தங்கியிருக்கும். நூறு பேர்ல எத்தனை பேருக்கு அது இருக்குன்னு தெரிஞ்சா, இந்த ஏரியா முழுக்க எவ்வளவு பரவியிருக்குன்னு கணக்குப் போடலாம். இது வேலைக்கான சான்றிதழ் இல்ல. சும்மா கணக்கு."

கடைசி இரண்டு வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. முடிவு போனில் வரும் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். போனில் வந்தால் அதுதானே அத்தாட்சி? மேஸ்திரியும் சரி என்றுவிட்டார்.

ஒட்டகத்தின் வீட்டில் வில்லை கொக்குக்கு விழுந்தது. பெயின்டர் வீட்டில் பெயின்டருக்கே.

மாலையில் பெயின்டர் ஒட்டகத்தைப் பைப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணே, என் ரத்தத்துல ஒண்ணும் இருக்காது. உன்னோடதுல ஊறிக் கிடக்கும். மூஞ்சியில பாதி மறைச்சுத்தானே எல்லாரும் போறோம். யாரு பார்க்கப்போறா?"

ஒட்டகம் கூடாரத்தில் கிடந்தபோது அவன் வீட்டு வாசலுக்குத் தண்ணீர்க் கேன் தூக்கி வந்து வைத்தவர் பெயின்டர். வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முடியாது என்று சொல்ல ஒட்டகத்துக்கு நாக்கு வரவில்லை. சரி என்று அவருக்குச் சொன்ன பிறகு, வீட்டிலிருக்கும் கொக்குக்குச் செய்யாமல் விட முடியுமா? ஒரு கையை நீட்டுகிறவன் இன்னொரு கையையும் நீட்டினால் என்ன என்றுதான் அவன் யோசித்தான். ரத்தம் என்ன, குழாய்த் தண்ணீர் மாதிரி ஊறுவதுதானே.

காலையில் ஒட்டகம் பெயின்டரின் சீட்டோடு போய் இடது கையை நீட்டினான். அது வேறு மேஜை, வேறு ஆள். வெளியே வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அக்காவுக்குத் தெரியாமல் கொக்கு கொடுத்த சீட்டோடு திரும்பப் போனான். இந்த முறை நர்ஸம்மாவின் மேஜை. வலது கையை நீட்டினான். இடது முழங்கையின் மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சு முழுக்கைச் சட்டைக்குள் அரித்தது.

அவள் சீட்டைப் பார்த்தாள். அவன் கழுத்தைப் பார்த்தாள். "இருபத்தி ரெண்டு வயசா?"

"ஆமா மேடம்."

"இந்த வயசுக்கு இந்த முதுகா?"

"மூட்டை தூக்குறவனுக்கு முதுகு முதல்ல கிழவனாயிடும் மேடம். மத்ததெல்லாம் பின்னாடி மெதுவா வரும்."

அவள் கண் மட்டும் சிரித்தது. பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ரப்பரைக் கட்டி நரம்பைத் தட்டினாள். ஊசி இறங்கியது.

கொக்கின் போனுக்குச் செய்தி வந்தபோது அவன் தொட்டிக்குக் கீழிருந்து படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். நெஞ்சில் விசில் அடித்தது. "அக்கா, எனக்கு வந்து போயிருக்காம்!"

அவள் போனை வாங்கிப் படித்தாள். திரும்பவும் படித்தாள். "உனக்கா? எப்ப? ஒரு நாள்கூடப் படுக்கலையேடா."

"சில பேருக்குத் தெரியாமலே வந்து போயிடுமாம். நர்ஸம்மாவே சொன்னாங்க இல்ல?"

அவள் ஒட்டகத்தைப் பார்த்தாள். அவன் பனியனைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தான். தலை உள்ளேயே சிக்கிக்கொண்ட மாதிரி கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"அப்ப இனிமே பயமில்லையா?" என்றாள்.

பனியனுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். உடனே மேலே போய்ப் பாயைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்தாள். தனித் தட்டைக் கழுவி மற்ற தட்டுகளோடு அடுக்கினாள். தம்பியின் தலையில் கைவைத்து, கலைந்திருந்த முடியை இன்னும் கலைத்தாள். அவனைத் தொடுவதற்கே அவள் பயந்திருந்தது ஒட்டகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

கேட் திறந்தது. சந்தில் பாதி ஆண்கள் உள்ளே போனார்கள்.

குளிர்கிடங்கின் உள்ளறையில் ஒரு விசேஷம் உண்டு. வெளியே கண்ணுக்குத் தெரியாத மூச்சு அங்கே தெரியும். ஒவ்வொருவன் வாயிலிருந்தும் வெள்ளையாகப் புகை கிளம்பும். முகத்துணி கொஞ்ச நேரத்திலேயே ஈரமாகி விறைத்துப் பலகை மாதிரி ஆகிவிடும். அதை மோவாய்க்கு இறக்கிவிட்டால்தான் மூச்சு விட முடியும். இத்தனை வருடமாக ஒட்டகம் அந்தப் புகையைக் கவனித்ததேயில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

பெட்டியைக் கொக்கிடமிருந்து பெயின்டர் வாங்குவார். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி அகலம். பெயின்டரின் வாயிலிருந்து கிளம்பிய புகை கொக்கின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். கொக்கு அதை அப்படியே உள்ளே இழுப்பான். ஒட்டகம் தூக்கிய பெட்டியை இறக்க மறந்து நிற்பான்.

"யோவ், சிலையா நிக்கிறே. பெட்டி உருகிடப்போகுது" என்பார் மேஸ்திரி.

"மாப்ள, நீ இந்தப் பக்கம் வா. நான் அங்க நிக்கிறேன்."

"ஏன் மாமா? இங்கதான் வெயிட்டு கம்மி."

"சொன்னா வா."

இடம் மாற்றினால் அந்தப் பக்கம் வேறொருவன். அவன் மூச்சு எப்படிப்பட்டது? ஒட்டகம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கூடாரத்தில் அவனோடு படுத்திருந்த முகங்கள் மிகக் கொஞ்சம். மற்றவர்களுக்கெல்லாம் எந்தக் கூடாரத்தில் வந்து போனது? அவனை மாதிரி கை நீட்டியவர்கள் சந்தில் இன்னும் எத்தனை பேர்? கேட்க முடியாது. கேட்டால் தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. கொக்கு தொண்டையைக் கனைத்தால் இவன் எழுந்து உட்காருவான். "தண்ணி குடி", "ஜன்னலைத் திற", "அங்க படு" என்று ஏதாவது சொல்லிக்கொண்டேயிருந்தான்.

"மாமாவுக்குக் குழந்தை பிறந்த மாதிரி இருக்கு அக்கா. எப்பப் பார்த்தாலும் என் வாயையே பார்க்கிறாரு."

"உனக்கு வந்து போனதை அவரால நம்ப முடியல" என்று சிரித்தாள் அவள். அந்தச் சிரிப்பை அவனால் பார்க்க முடியவில்லை. எழுந்து தெருவுக்குப் போனான்.

தெருமுனையில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். துணியை இறக்கிவிட்டார்கள். கம்பிகள் மட்டும் நின்றன.

"என்னப்பா, ஏன் பிரிக்கிறீங்க?"

"கணக்கு வந்திருச்சுண்ணே. உங்க ஏரியாவுல முக்கால்வாசிப் பேருக்கு வந்து போயிருச்சாம். இனிமே இங்க பெருசா பரவாதாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் ரொம்பக் கம்மியாம், அதனால அங்கதான் ஆபத்து. கூடாரம் அங்க போகுது." வண்டிக்காரன் கீழே கிடந்த ஆக்சிஜன் உருளையைக் காட்டினான். "ஒரு கை குடுங்கண்ணே."

பழக்கம். யாராவது தூக்கச் சொன்னால் ஒட்டகத்தின் கை தானாகக் குனியும். உருளையைத் தோளில் ஏற்றி வண்டியில் வைத்த பிறகுதான், மூச்சு திரும்ப வரும்வரை தன்னோடு சேர்ந்து உறுமிக்கொண்டிருந்த உருளை அது என்று உறைத்தது. வண்டி கிளம்பிப் போனது. முக்கால்வாசி. அந்த முக்காலில் தன்னுடைய இரண்டு கையும் இருந்தது. அங்கேயே நின்றான். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தான். பாதி வழியில் திரும்பி வந்து கூடாரம் இருந்த இடத்தில் மறுபடியும் நின்றான்.

சில நாளில் நர்ஸம்மா திரும்ப வந்தாள். சந்தின் கணக்கு எங்கேயோ இடித்ததாம். இத்தனை பேருக்கு வந்து போயிருந்தால் கூடாரத்துக்கு இன்னும் எவ்வளவோ பேர் வந்திருக்க வேண்டுமே என்று மேலே கேட்டிருக்கிறார்கள். பழைய சீட்டுக்காரர்களில் கொஞ்சம் பேரிடம் மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும்.

"மாமா, போன தடவை மாதிரி நீயே போயிட்டு வந்துடு" என்று சீட்டை அவன் சட்டைப் பைக்குள் திணித்தான் கொக்கு. "லீவு கேட்டா மேஸ்திரி கத்துவாரு. உனக்கு இன்னைக்கு மதியத்துக்கு மேலதானே."

பள்ளிக்கூட வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவனின் சீட்டு ஒட்டகத்தின் கண்ணில் பட்டது. அதிலிருந்தது அவன் பெயரல்ல, அவன் அண்ணனுடையது. பின்னால் திரும்பினான். பின்னால் நின்றவன் தன் சீட்டை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டான்.

அப்போது பெயின்டரின் மனைவி வரிசையை ஒட்டி முன்னால் போனாள். கையில் பிளாஸ்டிக் பை.

"என்னம்மா, உனக்கும் சீட்டா?" என்றான் ஒட்டகம்.

"இல்லண்ணே. அவருக்கு முந்தாநேத்திலிருந்து காய்ச்சல். மூச்சு வாங்குது. ஏற்கனவே வந்து போனதுதானே, இது சும்மா குளிர்ல நின்ன காய்ச்சல்னு படுத்தே கிடக்கார். நர்ஸம்மாகிட்ட மாத்திரை ஏதாவது கிடைக்குமான்னு பார்க்கலாம்னு வந்தேன்."

முந்தாநாள் பெயின்டர் கிடங்கில்தான் இருந்தார். முந்தாநாள் கொக்கு அவருக்கு எதிரே நின்றான்.

ஒட்டகம் வரிசையை விட்டு நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். நர்ஸம்மா அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு ரப்பரைக் கட்டினாள்.

"மேடம், இது அவன் கை இல்ல."

அவள் கை நின்றது.

"என் கை. போன தடவையும் என் கைதான். வலது கை என் மச்சினனுக்கு. இடது கை பெயின்டருக்கு. ரெண்டு பேருக்கும் வரவேயில்ல. இப்ப பெயின்டருக்கு மூச்சு வாங்குதாம். வந்து போயிருச்சுன்னு வீட்டுலயே கிடக்காராம்."

அவள் ரப்பரை அவிழ்த்தாள். முதலில் போனை எடுத்து வண்டிக்குச் சொன்னாள். பெயின்டர் வீட்டு அடையாளத்தை அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். போனை வைத்த பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"அந்த முதுகைப் பார்த்தப்பவே எழுப்பி அனுப்பியிருக்கணும். எனக்கும் வரிசை பெருசா இருந்துச்சு." பிறகு, "நீ ஒருத்தன்தானா?"

"நான் என் ரெண்டு கையைத்தான் சொல்ல முடியும் மேடம்."

"ரெண்டு கையை மட்டும் கழிச்சா கணக்கு மாறாது. கூடாரமும் வராது."

அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். வரிசை அவனையே பார்த்தது. எல்லாம் தினம் பார்க்கிற கண்கள். "நான் சொல்லிட்டேன்" என்றான். "பெயின்டர் மூச்சு விட முடியாம கிடக்கார். என் ரத்தத்தைக் குடுத்து அவரை உள்ள அனுப்பினது நான். இனி உங்க இஷ்டம்."

"உனக்கு கேட் திறந்துதான் இருக்கு. எங்க வாயில ஏன்டா மண்ணைப் போடுறே?" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் செருப்பைக் கழற்றினான். நர்ஸம்மா பின்னால் வந்து நின்று, தொண்டை கட்டிய குரலை முடிந்தவரை உயர்த்தினாள்: "இனிமே கையை நீட்டுறதுக்கு முன்னாடி முகத்தைக் காட்டணும்." வரிசை அவிழ்ந்தது. சிலர் வீட்டுக்குப் போனார்கள். சிலர் போகவுமில்லை, நிற்கவுமில்லை, சுவரோரம் சாய்ந்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்றிருந்தவன் மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தான்: "அண்ணே, நீயே வா. ஆமா, இப்பவே."

ஒட்டகம் கிடங்குக்கு ஓடினான். கேட்டில் நின்று கொக்கைக் கூப்பிடச் சொன்னான். மேஸ்திரி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காறித் துப்பினார்.

"நீ மதியம் வந்துடு. அவன் வேண்டாம்."

கொக்கு பனி படிந்த புருவத்தோடு வெளியே வந்தான். வெயிலில் புருவம் உருகி முகத்தில் வழிந்தது. அழுகிற மாதிரி இருந்தது. அழவில்லை.

"நான் உன்னைச் சொல்லச் சொன்னேனா மாமா? ரத்தம் குடுக்கச் சொன்னேன். வாயைத் திறக்கச் சொன்னேனா?"

"தள்ளியே நட. என்கூட ஒட்டி வராதே."

"இப்பத்தான் தெரியுதா?"

நர்ஸம்மா கொக்கின் சொந்தக் கையிலிருந்து ரத்தம் எடுத்தாள். மறுநாள் போனில் முடிவு வந்தது. இல்லை. வந்ததேயில்லை. கை மாறிய கதையை முந்தின இரவே கேட்டிருந்த அக்கா போனைப் பார்த்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். ஒட்டகம்தான் அவளுக்கு மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. நர்ஸம்மா சொன்னதை அப்படியே சொன்னான்: இந்த ரத்தம் பழசைத்தான் பேசும். இந்த வாரம் உள்ளே நுழைந்திருந்தால் அதற்கு இன்னும் தெரியாது. காத்திருந்துதான் பார்க்க வேண்டும். பெயின்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூடாரத்தில் குழாயோடு கிடந்தார்.

அவள் கத்தவில்லை. பாயைச் சுருட்டினாள். அடுக்கிலிருந்து தம்பியின் தட்டை உருவினாள்.

"அவனுக்கு வரலன்னு என் கண்ணு சொல்லிச்சு. உங்க போனை நம்பி நான் என் கண்ணைப் பொத்திக்கிட்டேன்." படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "தலையைத் தொட்டேனேய்யா. எத்தனை தடவை தொட்டேன்."

ஒட்டகம் மதியம் வேலைக்குப் போகவில்லை. கிளம்பினான். சட்டையை மாட்டிக்கொண்டு சந்தின் முனை வரை போனான். கூடாரம் இருந்த இடத்தில் கம்பி நட்ட குழிகள் அப்படியே இருந்தன. கூடாரம் திரும்ப வருமா என்று கேட்டதற்கு, எல்லாரும் அவரவர் கையைக் கொண்டு வந்தால் கணக்கு மாறும், கணக்கு மாறினால் கேட்டுப் பார்க்கிறேன் என்றுதான் நர்ஸம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் நின்றார்கள். அவன் திரும்பி வந்தான்.

படிக்கட்டின் கீழ்த்திருப்பத்தில் உட்கார்ந்தான். மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு நடுவில் ஒரு இருமல்.

அவன் எழுந்துவிட்டான்.

"தூசி மாமா" என்றது மேலேயிருந்து குரல்.

"சரி."

"போய் வேலையைப் பாரு. நிஜமா இருமினா கூப்பிடுறேன்."

"சரிடா."

உட்காரவில்லை. ஒரு படி ஏறினான். அதற்கு மேல் போகக் கூடாது என்று பெண்டாட்டி சொல்லியிருந்தாள். ஒரு படி இறங்கினான். தண்ணீர் விழுவது நின்றால் நன்றாகக் கேட்கும் என்று தோன்றியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாரம் ஏற்றுவதற்குக் குனிகிறவன் மாதிரி முதுகை வளைத்து, காதை மேலே கொடுத்து நின்றான்.